ஆர்பிஇ65 தடுப்பானைச் சோதிக்கும்போது எங்கெல்லாம் வழுக்கும்

பார்வைச் சுழற்சியைத் தடுக்கும் மருந்துகள் என்றாலே இப்போது பேச்சு ஆர்பிஇ65 நொதியில்தான் வந்து நிற்கிறது. கண்ணில் ஒளி பட்டதும் 11-சிஸ்-ரெட்டினல் என்ற வளைந்த வைட்டமின் ஏ மூலக்கூறு நிமிர்ந்து ஆல்-ட்ரான்ஸ் ஆகிவிடுகிறது. அதைத் திரும்ப வளைக்கும் வேலை விழித்திரைக்குப் பின்னாலுள்ள நிறமிப் படலத்தில் நடக்கிறது; இந்தச் சுற்றுதான் பார்வைச் சுழற்சி. ரெட்டினல் முதலில் ரெட்டினோல் என்ற ஆல்கஹால் வடிவத்துக்கு மாறும். அந்த ஆல்-ட்ரான்ஸ்-ரெட்டினோலை எல்ராட் என்ற நொதி கொழுப்பு அமிலத்தோடு இணைத்து எஸ்டராக்கும். அந்த எஸ்டரை எடுத்து 11-சிஸ்-ரெட்டினோலும் கொழுப்பு அமிலமுமாகப் பிரிப்பது ஆர்பிஇ65. அந்த வேலை இதனுடையதுதான் என்பது 2005இல் உறுதியானது. இந்த நொதி நான்கு ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கும் ஓர் இரும்பு அணுவை நம்பி இயங்குகிறது, சவ்வோடு ஒட்டியே வாழ்கிறது. சோதனையில் வரும் சிக்கல்களில் பாதி இந்த இரண்டு குணங்களிலிருந்து வருகின்றன.

இதை ஏன் தடுக்க வேண்டும்? ஸ்டார்கார்ட் என்ற பரம்பரை விழித்திரை நோயில் ஏபிசிஏ4 மரபணு பழுதாகி, ஆல்-ட்ரான்ஸ்-ரெட்டினல் அகற்றப்படாமல் தேங்குகிறது. அதில் இரண்டு மூலக்கூறுகள் சவ்வுக் கொழுப்போடு சேர்ந்து ஏ2இ என்ற கழிவாகி நிறமிப் படலத்தில் படிகிறது. சுழற்சியை மெதுவாக்கினால் கழிவும் குறையும் என்பது கணக்கு.

மாட்டுக்கண்ணிலிருந்து எடுத்த நிறமிப் படல மைக்ரோசோம்தான் (செல்லை உடைத்துப் பிரித்த சவ்வுத் துணுக்குகள்) வழக்கமான மூலப்பொருள். அதில் ஏற்கெனவே ரெட்டினாய்டுகள், அதாவது வைட்டமின் ஏ வகைச் சேர்மங்கள், ஊறிக் கிடக்கும். குவார்ட்ஸ் குவெட்டில் ஊற்றி, குளிரில் வைத்தபடி 5 நிமிடம் புற ஊதா ஒளி காட்டி அவற்றை அழித்துவிட வேண்டும். பிறகு 5 மில்லிமோலார் டிடிடி (டைதயோத்ரெய்டால் என்ற ஒடுக்கி) சேர்க்கலாம். வினைக் குழாயில் மொத்தம் 200 மைக்ரோலிட்டர்: பிஸ்-ட்ரிஸ் புரோப்பேன் பஃபர் பிஹெச் 7.5, 1% பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின் புரதம்), 1 மில்லிமோலார் ஏடிபி, ரெட்டினாய்டு ஏறாத வெறும் கிரால்பிபி (ரெட்டினாய்டைப் பிடித்துவைக்கும் புரதம்) 6 மைக்ரோமோலார், ஏறக்குறைய 150 மைக்ரோகிராம் மைக்ரோசோம் புரதம். தடுப்பானை டிஎம்எஃப் என்ற கரைப்பானில் கரைத்துச் சேர்த்து 37 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். அதன்பிறகே ஆல்-ட்ரான்ஸ்-ரெட்டினோல், 20 மைக்ரோமோலார் அளவில். ஒரு மணி நேரம் கழித்து 300 மைக்ரோலிட்டர் மெத்தனால் ஊற்றி வினையை நிறுத்தி, அதே அளவு ஹெக்சேனைக் கொண்டு பிரித்தெடுக்கலாம். எல்லாமே மங்கிய சிவப்பு விளக்கில்தான். ட்யூப் லைட்டை ஒரு நிமிடம் போட்டாலும் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுவதே நல்லது.

கிரால்பிபியை விட்டுவிட்டால் விளைபொருள் மளமளவென்று குறையும். 11-சிஸ்-ரெட்டினோல் பிறந்ததும் அதைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மெத்தனால் அந்தப் புரதத்தைச் சிதைத்துப் பிடியை விடுவிக்கும். அதனால் மெத்தனாலில் கஞ்சத்தனம் வேண்டாம். சோப்பு வகைகள் பக்கமே போகாதீர்கள், சவ்வு கரைந்தால் நொதியும் போச்சு.

பிரித்தெடுத்ததை அளக்க ஹெச்பிஎல்சி (கலவையைத் தூண் வழியே ஓட்டிப் பிரிக்கும் கருவி): சிலிக்கா தூண், ஹெக்சேனில் 10% எத்தில் அசிட்டேட். எஸ்டர்கள் முன்னாலேயே ஓடி வந்துவிடும், ஆல்-ட்ரான்ஸ்-ரெட்டினோல் கடைசியில் வரும். நடுவே 11-சிஸும், வேறோர் இடத்தில் வளைந்த 13-சிஸும் ஒட்டி ஒட்டி வருவதுதான் தொல்லை. 325 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட வாய்ப்புண்டு. பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் அளக்கும் டயோடு வரிசைக் கருவி இருந்தால் நிறமாலையைப் பாருங்கள்: உச்சம் 319 பக்கம் என்றால் 11-சிஸ், 328 பக்கம் என்றால் 13-சிஸ். ஆல்-ட்ரான்ஸின் அளவீட்டுக் கோட்டை வைத்து 11-சிஸைக் கணக்கிடுவது இன்னொரு பிழை. எத்தனாலில் முதலாவதன் உறிஞ்சு குணகம் 52,770, இரண்டாவதன் குணகம் 34,890. உண்மையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்காவது காணாமல் போகும்.

இனி முக்கியமான இடம். 11-சிஸ் உச்சம் சரிந்தது என்பதால் மட்டும் ஆர்பிஇ65 தடுபட்டதாக எழுதிவிடக் கூடாது. முதலில் எஸ்டர் உச்சத்தைப் பாருங்கள். எஸ்டரும் சேர்ந்து குறைந்திருந்தால் அடிபட்டது எல்ராட். ஆர்பிஇ65 மட்டும் நின்றிருந்தால் எஸ்டர் குவிந்து நிற்கும். அடுத்து இரும்பு. 2,2'-பைபிரிடின் போன்ற கவ்விகள் (உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும் சேர்மங்கள்) இரும்பைப் பிடுங்கியே நொதியை நிறுத்துகின்றன. ஃபெரஸ் உப்பைத் திரும்பக் கொடுத்தால் செயல் மீள்கிறது என்றால் உங்கள் சேர்மம் வெறும் கவ்விதான். எண்ணெய்ப்பசை கொண்ட மூலக்கூறுகள் பிஎஸ்ஏயில் போய் ஒட்டிக்கொண்டு, உண்மையைவிடப் பலவீனமாகத் தெரியும். பிஎஸ்ஏ அளவைப் பாதியாக்கி ஐசி50 எண் (நொதியின் செயலைப் பாதியாக்கத் தேவைப்படும் செறிவு) நகர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ரெட்டினைலமீன் இதில் தனி ரகம். 2005இல் வந்த இந்தத் தடுப்பானை எல்ராட் தானே அமைடாக மாற்றிக் கல்லீரலிலும் கண்ணிலும் சேமித்து வைக்கும். சேமிப்பிலிருந்து மெல்லக் கசிவதால் ஒரு வேளை கொடுத்தாலும் விளைவு நாள்கணக்கில் நீளும். தவிர, முதல்நிலை அமீன் என்பதால் ரெட்டினலோடு நேரடியாகச் சேர்ந்து ஷிஃப் காரம் என்ற சேர்மமாகும். எமிக்சுஸ்டாட் என்ற இன்னொரு ஆர்பிஇ65 தடுப்பானுக்கும் அந்தக் குணம் உண்டு. ஆகவே எலியின் கண் ஒளிச் சேதத்திலிருந்து தப்பியது நொதி தடுபட்டதாலா, ரெட்டினல் உறிஞ்சப்பட்டதாலா என்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

எலி என்றதும் இன்னொன்று. சி57பிஎல்/6ஜே வகை எலியின் ஆர்பிஇ65இல் 450ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் மெத்தியோனின் இருக்கிறது. அதன் சுழற்சி இயல்பிலேயே மந்தம், ஒளிச் சேதமும் குறைவு. பால்ப்/சி எலியில் லியூசின்தான். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் மருந்து செய்யாத வேலைக்கு மருந்துக்குப் பெயர் கிடைக்கும். கண்ணில் ரெட்டினலை அளக்க ஹைட்ராக்சிலமீனால் ஆக்சைமாக மாற்றும்போது சின், ஆன்டி என்ற இரண்டு வடிவங்களுக்கு இரண்டு உச்சங்கள் வரும். இரண்டையும் கூட்டித்தான் மொத்தம் எழுத வேண்டும்.

மனிதர்களிடம் வெகுதூரம் போனது எமிக்சுஸ்டாட் மாத்திரை. முதுமையில் வரும் விழித்திரைத் தேய்வுக்கு 508 பேரிடம் 2.5, 5, 10 மில்லிகிராம் என 24 மாதம் சோதித்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி தேய்வு மெதுவாகவில்லை. ஆனால் மருந்து இலக்கைத் தொடாமல் இல்லை. இருட்டுக்குக் கண் பழகத் தாமதம் என்பதே அதிகம் பதிவான பக்கவிளைவு, 55%. சிலருக்கு நிறங்களும் மாறித் தெரிந்தன. ஸ்டார்கார்ட் நோயாளிகள் 194 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையும் 2022இல் முதன்மை இலக்கை எட்டாமல் முடிந்தது. இதை நொதியைத் தடுக்கத் தவறிய கதையாகப் படிப்பது தவறு என்பேன். நொதி தடுபட்டதற்கு இரவுப் பார்வையே சாட்சி. கழிவு குறைந்தால் ஏற்கெனவே தேயத் தொடங்கிய திசு பிழைக்கும் என்ற எதிர்பார்ப்புதான் நிறைவேறவில்லை. தேய்வு தொடங்கும் முன்பே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு சோதனைகளிலும் பதில் இல்லை.