கோடியக்கரையில் ஓர் உள்ளான்

ஆகஸ்ட் இறுதியில் கோடியக்கரைக்குக் கிளம்பியபோது, பூநாரைகள் திரளாத காலத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நான் தேடிப் போனது உள்ளான்களை, நீரோரச் சேற்றில் இரை தேடும் சிறு வலசைப் பறவைகளை. 2002இல் ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்புநிலத்திற்கு, சைபீரியத் தூந்திரத்தில் இனப்பெருக்கம் முடித்த முதிர்ந்த பறவைகளே முதலில் வரும். அவ்வாண்டுக் குஞ்சுகள் பின்னர், பெற்றோர் துணையின்றித் தாமாகவே வழி கண்டு வந்து சேரும். கானல் அலைந்ததால் வெகுநேரம் தொலைநோக்கியில் சாம்பல் புள்ளிகளே தெரிந்தன. பிறகு, உப்பளப் பாத்தியின் வரப்பை ஒட்டி ஆழமற்ற நீரில் நின்று, கீழ்நோக்கி வளைந்த கறுத்த அலகால் சேற்றை விடாமல் குத்திக்கொண்டிருந்த வளைமூக்கு உள்ளான் ஒன்று கண்ணில் பட்டது. அதன் வயிற்றில் இனப்பெருக்கக் காலச் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக இன்னும் எஞ்சியிருந்தது. குளிர்காலத்தில் காணும் பெருங்கூட்டத்தைவிட இந்த ஒன்று எனக்குப் பெரிது. கொசு உள்ளான்களை எண்ணத் தொடங்கியபோது பருந்தொன்று தாழப் பறக்க, மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது.