பனி தள்ளும் பிளேடு: முதல் பனிக்கு முன்

ஒன்டாரியோவில் எங்கள் வீட்டுப் பாதை சரளைக்கல் பாதை. டிராக்டரின் பின்பக்க பிளேடை நவம்பரிலேயே மாட்டிவிடுவேன். டிராக்டரின் பின்னால் பிளேடைத் தூக்கும் கீழ்க்கைகள் இரண்டிலும் பூட்டு ஊசி (pin) போட்டு, பக்கச் சங்கிலிகளை இறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் பிளேடு இடமும் வலமும் ஆடும்.

முக்கியமான வேலை டாப் லிங்க்கில், அதாவது பிளேடின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் திருகு கம்பியில் இருக்கிறது. அதைத் திருகினால் பிளேடின் சாய்வு மாறும். வெட்டும் விளிம்பு முன்னோக்கி நீண்டால் மண்ணைக் கொத்தும். நிமிர்ந்து நின்றால் தரைமேல் வழுக்கிப் போகும். பனிக்கு எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். தரை இறுகும் முன் விழும் பனிதான் ஆபத்து, ஜல்லியெல்லாம் புல்வெளிக்குப் போய்விடும். அதற்குப் பிளேடை 180 டிகிரி திருப்பி, வளைந்த முதுகால் இழுப்பேன். ஸ்கிட் ஷூ (பிளேடைத் தரையிலிருந்து சற்று உயர்த்தித் தாங்கும் பாதத் தகடு) இருந்தால் இன்னும் நல்லது: ஒரு அங்குலப் பலகைமேல் பிளேடை இறக்கி, ஷூவைத் தரைதொட வைத்து முடுக்கினால் போதும்.

தரை உறைந்த அப்புறம் பிளேடை மறுபடி முன்பக்கம் திருப்பி, 30 டிகிரி கோணத்தில் வைத்து ஓரமாக ஒதுக்குவேன். முதல் பனியையே பாதையைவிட்டு நன்றாகத் தள்ளிப் போடுங்கள். பிப்ரவரிப் பனிக்கும் அங்கேதான் இடம் வேண்டும்.