எந்த பிலிம்னு கேக்கறதுக்கு முன்னாடி, எவ்ளோ வெட்டப் போறீங்கன்னு சொல்லுங்க

பிலிம் கேமரா வாங்குன புதுசுல எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், கோடாக் பிலிம்ல கோல்ட் 200 போடலாமா, போர்ட்ரா 400 போடலாமா, எக்டார் எப்டி இருக்கும்னு. உடனே ஆளாளுக்கு கோல்ட்னா மஞ்சளா வரும், போர்ட்ரானா ஸ்கின் நல்லா இருக்கும், எக்டார்னா கலர் தூக்கலா இருக்கும்னு சொல்லுவாங்க. எல்லாமே சரிதான். ஆனா என்கிட்ட யாராச்சும் கேட்டா நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், எடுத்த படத்த முழு பிரேமா அப்டியே வெப்பீங்களா இல்ல கிராப் பண்ணுவீங்களா, பண்ணா எவ்ளோ வெட்டுவீங்க? பிலிம் செலக்ட் பண்றதும் கிராப் பண்றதும் வேற வேற வேலைன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, ஒண்ணு கடையில முடியுது இன்னொண்ணு ஸ்கேன் வந்தப்புறம் லேப்டாப்ல நடக்குதுன்னு. என்னப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒரே முடிவு. அத ரோல் போடும்போதே எடுத்துடணும்.

மொதல்ல கிரெய்ன், அதாவது பிலிம் படத்துல பொடிப்பொடியா தெரியற புள்ளி. 35 எம்எம் பிரேம்ங்கறது 36க்கு 24 மில்லிமீட்டர், அவ்ளோதான் இடம். அதுல நடுவுல பாதி அகலம் பாதி உயரம் வெட்டி எடுத்தீங்கன்னா மிச்சம் இருக்கறது 18க்கு 12, அதாவது பரப்புல கால்வாசி. அத 8க்கு 12 இஞ்ச்ல பிரிண்ட் போட்டா அதுல தெரியற கிரெய்ன், முழு பிரேம 16க்கு 24 இஞ்ச்ல போட்டா எவ்ளோ தெரியுமோ அவ்ளோ தெரியும். ஸ்கேன்லயும் இதே கணக்குதான், 4000 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 4000 புள்ளி வெச்சு ஸ்கேன் பண்ணா, முழு பிரேம் கிட்டத்தட்ட 21 மெகாபிக்சல் வரும், அந்த கால்வாசில அஞ்சு சொச்சம்தான் மிஞ்சும்.

கோடாக் அவங்க நெகட்டிவ் பிலிமோட டேட்டாஷீட்ல பிரிண்ட் கிரெய்ன் இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் குடுப்பாங்க, அத ஒருதரமாச்சும் எடுத்துப் பாருங்க. 25ங்கறதுதான் கண்ணுக்கு கிரெய்ன் தெரிய ஆரம்பிக்கற எல்லை, நாலு யூனிட் வித்தியாசம் இருந்தா பாக்கறவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு லேசா தெரியும்னு கணக்கு. 35 எம்எம்ல இருந்து 4க்கு 6 இஞ்ச் பிரிண்ட் போட்டா எக்டார் 100 அந்த 25க்கும் கீழ, போர்ட்ரா 160க்கு 28, போர்ட்ரா 400க்கு 37, கோல்ட் 200க்கு 44. இதுல பாருங்க, கோல்ட் ஸ்பீட்ல, அதாவது வெளிச்சத்த வாங்கற வேகத்துல, போர்ட்ரா 400ல பாதிதான், ஆனாலும் கிரெய்ன் அதுல தான் ஜாஸ்தி. ஸ்பீட் கம்மின்னா கிரெய்ன் கம்மின்னு நெனச்சு கோல்ட் வாங்கறவங்க இத கவனிக்கறதில்ல. போர்ட்ரா 400 இப்ப இருக்கற வடிவத்துல வந்தது 2010ல, அதுக்கு முன்னாடி 400என்சி, 400விசின்னு ரெண்டா இருந்துச்சு, ஒண்ணு அடக்கமான கலர், இன்னொண்ணு தூக்கலான கலர். ரெண்டையும் எடுத்துட்டு ஒண்ணா கொண்டுவந்தப்ப சினிமா பிலிமுக்கு பண்ணுன டெக்னாலஜிய உள்ள கொண்டுவந்தாங்க, அதனாலதான் 400 ஸ்பீட்ல இவ்ளோ சாஃப்ட்டா இருக்கு.

சரி கிரெய்ன் கணக்கு ஓரமா இருக்கட்டும், எனக்கு முக்கியம் கலர். பிளாக் அண்ட் ஒயிட்ல கிராப் பண்ணும்போது கோடு, வடிவம், எங்க இருட்டு எங்க வெளிச்சம்னு பாப்போம். கலர்ல ஓரத்துல இருக்கற ஒரு சின்ன சிவப்பு மொத்த படத்தையும் தன் பக்கம் இழுத்துடும். அது எவ்ளோ இழுக்கும்ங்கறது நீங்க போட்ட பிலிமப் பொறுத்தது. இத எனக்கு நல்லா புரியவெச்சது காசிமேட்ல காலைல எடுத்த ஒரு படம். ரெண்டு கேமரா பாடி எடுத்துட்டுப் போயிருந்தேன், ஒண்ணுல எக்டார், இன்னொண்ணுல போர்ட்ரா 400, ஒரே 50 எம்எம் லென்ஸ மாத்தி மாத்திப் போட்டேன். மீன் விக்கற அக்கா ஒருத்தவங்க, பச்சை புடவை, முன்னாடி நீல பிளாஸ்டிக் கூடை, கூடைல ஐஸ்கட்டிக்கு நடுவுல சங்கரா மீனு, பிரேமோட வலது ஓரத்துல பக்கத்து கடையோட சிவப்பு குடை பாதி உள்ள வந்து நிக்குது. கேட்டுட்டுதான் எடுத்தேன், அவங்களும் வேலையப் பாத்துக்கிட்டே சரின்னுட்டாங்க.

எக்டார் நெகட்டிவ ஸ்கேன் பண்ணி பாத்தா மொதல்ல கண்ணு போறது குடை மேல. அந்த சிவப்பு அவ்ளோ அடர்த்தி, அதத் தாண்டி முகத்துக்கு வரவே ஒரு நொடி ஆகுது. ஐஸ் மேல விழுந்த நிழல் நீலமா போயிடுச்சு, அவங்க கன்னத்துல ஒரு செவப்பு ஏறிக்கிச்சு, வெயில் பட்ட இடம் செம்பு மாதிரி மின்னுது. போர்ட்ரால அதே குடை இருக்கு, ஆனா வெயில்ல நாள்பட்ட துணியோட சிவப்பு, நேர்ல எப்டி இருந்துச்சோ அப்டி. நெத்தில பட்ட வெளிச்சம் வெளுத்துப் போகாம அந்த மாநிறம் மாநிறமாவே நிக்குது. அதனால நான் என்ன பண்ணேன்னா, எக்டார் பிரேம்ல வலது பக்கம் 6 மில்லிமீட்டர் வெட்டி 30க்கு 24 ஆக்குனேன், குடை மொத்தமா போச்சு, பச்சையும் நீலமும் மட்டும் பேசுற படமா அது மாறிடுச்சு, முகத்துல இருந்த செவப்பு கூட அந்த பச்சைக்கு எதிர்ல நல்லாவே உக்காந்துச்சு. போர்ட்ரா பிரேம முழுசா விட்டுட்டேன், ஏன்னா அங்க குடை இருந்தாதான் அது கடைத்தெரு, குடைய எடுத்தா வெறும் போர்ட்ரெய்ட். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஆனா எங்க வெட்டணும்னு சொன்னது பிலிம்.

ஸ்கின் டோன் பத்தி இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ரொம்ப காலத்துக்கு கலர் பிரிண்ட் போடற லேப்ல மெஷின செட் பண்றதுக்கு ஷர்லி கார்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு வெள்ளைக்கார பொண்ணோட படம், அந்தத் தோல் சரியா வந்தா எல்லாம் சரின்னு வெச்சாங்க. நம்ம தோல் அதுல எங்கயுமே இல்ல. கறுப்பா இருக்கறவங்க முகம் நிழல்ல கரைஞ்சு கண்ணும் பல்லும் மட்டும் தெரியற பழைய குரூப் போட்டோக்கள் நம்ம எல்லார் வீட்லயும் இருக்கும், அதுக்கு ஒரு காரணம் இதுதான். அப்புறம் 90கள்ல பல நிறத்துப் பொண்ணுங்க இருக்கற கார்டு வந்துச்சு. இன்னைக்கு போர்ட்ராவ நான் விடாம வாங்கறதுக்குக் காரணம் அந்த அடர்த்தியான மாநிறத்துலயும் அதுக்குக் கீழ கறுப்புலயும் அது வித்தியாசத்தக் காட்டுது, அதும் ஒரு ஸ்டாப் கூட, அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம் குடுத்து எடுத்தா நிழல்ல இருக்கற தோல்கூட நல்லா தெறந்து வரும். எக்டார் இந்த அளவுக்கு மன்னிக்காது, வெளிச்சம் பத்தாம அண்டர் ஆச்சுன்னா நிழலெல்லாம் நீலமா போயிடும்.

ஸ்லைட் பிலிம், அதாவது நெகட்டிவா வராம நேரா நிஜக் கலர்லயே படம் வர்ற பிலிம், அது கதையே வேற. வெல்வியா 50, எக்டாக்ரோம் இ100 இதெல்லாம் அரை ஸ்டாப் தப்புனாலே காட்டிக் குடுத்துடும், அத விடுங்க, புரொஜெக்டர்ல போட்டுப் பாக்கற ஸ்லைட்ல கிராப்பே கிடையாது. பிலிம் கழுவி மவுண்ட்ல போட்டா அந்த மவுண்ட்டே ஓரத்துல கொஞ்சம் மறைச்சுடும், ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் மாதிரி, அதுக்கு மேல வெட்டணும்னா ஸ்லைடு மேல பளபளன்னு ஒரு டேப்ப ஒட்டி மறைக்கணும், அப்டிதான் பண்ணாங்க. அதனால ஸ்லைட்லயே வாழ்ந்தவங்க படத்தப் பாத்தீங்கன்னா நாலு மூலையும் வேலை செய்யும். கோடாக்ரோம்ங்கற கோடாக் ஸ்லைட் பிலிம்ல நம்ம ஊர எடுத்த போட்டோகிராபர் ரகுபிர் சிங்கோட படங்களப் பாருங்க, அம்பாசடர் கார் கதவு, கண்ணாடி இதெல்லாம் வெச்சு பிரேமயே துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டுலயும் ஒரு கலர வெச்சிருப்பாரு, அதுல எந்த ஓரத்த வெட்டுனாலும் படம் நொண்டும். கோடாக்ரோம் 1935ல வந்து 2009ல நின்னுது, கன்சாஸ்ல பார்சன்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல இருந்த கடைசி லேப் 2010 டிசம்பர் கடைசியோட கழுவறத நிறுத்திட்டாங்க. அந்தக் கலர் இனி வராது, ஆனா வ்யூஃபைண்டர்லயே முடிச்சுடற அந்தப் பழக்கத்த எக்டாக்ரோம்ல ஒரு ரோல் போட்டு இன்னைக்கும் கத்துக்கலாம். காஸ்ட்லிதான், ஆனா வருஷத்துக்கு ஒண்ணாவது போடுங்கன்னுதான் சொல்வேன்.

கிராப் பண்றதே பாவம்னு ஒரு கூட்டம் இருக்கு, நெகட்டிவோட கறுப்பு பார்டர் தெரிய பிரிண்ட் போட்டு நான் வெட்டலன்னு காட்டுவாங்க. பிரெஞ்சு போட்டோகிராபர் கார்டியர் பிரெஸ்ஸோன் பேரதான் மொதல்ல இழுப்பாங்க, ஆனா அவரே 1932ல பாரிஸ்ல சென் லசார் ஸ்டேஷனுக்குப் பின்னாடி தண்ணியத் தாண்டற மனுஷன எடுத்தப்ப வேலிச் சந்துல லென்ஸ விட்டு எடுத்ததால ஓரத்துல மறைச்சத வெட்ட வேண்டி வந்துச்சு. போர்ட்ரெய்ட் போட்டோகிராபர் ஆர்னால்ட் நியூமன் 1946ல இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கிய எடுத்தது பாத்திருப்பீங்க, பெரிய பியானோ மூடி பிரேம் முழுக்க நிக்கும், ஆளு கீழ ஒரு மூலைல சின்னதா இருப்பாரு, அந்தப் படத்தோட உயிரே வெட்டுனதுலதான் இருக்கு, முழு நெகட்டிவ்ல அந்த அழுத்தம் இல்ல. அதனால வெட்டறதுல தப்பே இல்லங்கறது என் கட்சி. எதுக்கு வெட்டறோம்னு தெரிஞ்சு வெட்டணும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, நீங்க வெட்டலன்னாலும் வேற யாராச்சும் வெட்டுவாங்க. வ்யூஃபைண்டர்ல தெரியறது முழுசா இல்ல, நிக்கான் எஃப்எம்2ல 93 சதவீதம்தான் தெரியும், மிச்சம் நெகட்டிவ்ல தானா வந்து உக்காரும். 1959ல வந்த நிக்கான் எஃப்ல கிட்டத்தட்ட 100 சதவீதம் தெரியும், ஆனா அந்த மாதிரி பாடி கொஞ்சம்தான். அப்புறம் லேப்ல ஸ்கேனர் பிரேம் ஓரத்த கொஞ்சம் தின்னும், ஒரு லேப்ல குடுத்து வாங்குன ஸ்கேன்ல இடதுபக்கம் நின்ன ஒரு பையனோட முழங்கைய காணோம், நெகட்டிவ வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா முழுசா இருக்கு. அதனால நெகட்டிவ திருப்பி வாங்காம இருக்காதீங்க, எந்த லேப்பா இருந்தாலும்.

4க்கு 6 பிரிண்ட் போட்டா 35 எம்எம் அப்டியே பொருந்தும். 8க்கு 10 போட்டா ஆறுல ஒரு பங்கு போயிடும். சதுரமா வெட்டுனா மூணுல ஒரு பங்கு போச்சு. இன்ஸ்டால 4க்கு 5 நிக்கற படம் போடறீங்கன்னா அதுவும் அந்த ஆறுல ஒரு பங்குதான், அதனால நிக்க வெச்சு எடுக்கும்போதே தலைக்கு மேலயும் காலுக்குக் கீழயும் சேத்து அந்த 6 மில்லிமீட்டர் இடத்த விட்டு எடுத்தா பின்னாடி அழவேண்டாம். ரொம்ப வெட்டறவங்களுக்கு 35 எம்எம்ம விட அகலமான 120 ரோல்தான் நிம்மதி, 6க்கு 6 சென்டிமீட்டர்னு சொல்ற கேமரால பிரேம் 56க்கு 56 மில்லிமீட்டர், அத 35 எம்எம் வடிவத்துக்கு வெட்டுனா கூட ரெண்டு மடங்குக்கு மேல இடம் மிஞ்சும், கோல்ட் 200கூட 2022ல இருந்து 120ல கிடைக்குது, அதுல கிரெய்ன் ஒரு பொருட்டே இல்ல, அந்த மஞ்சள் வெதுவெதுப்பு மட்டும் கிடைக்கும். சாயங்கால வெயிலுக்கு எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.

பிலிம ஒப்பிட்டுப் பாக்கறவங்களுக்கு ஒண்ணு. கலர் நெகட்டிவ்ல ஆரஞ்சு மாஸ்க்னு மொத்தமா ஒரு ஆரஞ்சு நிறம் படிஞ்சு இருக்கு, அத எடுத்துட்டு கலர் முடிவு பண்றது ஸ்கேனரும் அத ஓட்டறவரும்தான். ஃபிரான்டியர் ஸ்கேனர்ல ஒரு கலர், நொரிட்சு ஸ்கேனர்ல ஒரு கலர். வேற வேற லேப்ல வந்த கோல்டையும் போர்ட்ராவையும் பக்கத்துல வெச்சுப் பாத்து இது பச்சை அது மஞ்சள்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. ஒரே நாள்ல ஒரே லேப்ல கழுவி, ஒரே செட்டிங்ல ஃபிளாட்டா ஸ்கேன் பண்ணி, ஆட்டோ கலர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, அப்பதான் பிலிமோட குணம் தெரியும். ராத்திரிக்கு சினிஸ்டில் 800டி போடறவங்களும் கவனிங்க, கோடாக் சினிமா பிலிம்ல பின்னாடி வழக்கமா இருந்த கறுப்பு பூச்சு இல்லாம அது வர்றதால லைட்ட சுத்தி சிவப்பா ஒரு வளையம் வரும், முழு பிரேம்ல அது அழகு, பாதிக்கு மேல வெட்டுனா அந்த வளையம் முகத்த விட பெருசா நிக்கும். அதுல மட்டும் நான் வெட்டறதே இல்ல, கிட்ட போய் எடுப்பேன்.

எவ்ளோ வெட்டறீங்கன்னு உங்களுக்கே இன்னும் தெரியலன்னா மொதல் ரெண்டு மூணு ரோல் கோல்ட் 200 போட்டு எல்லாத்தையும் 4க்கு 6 பிரிண்ட் எடுங்க, ஸ்கிரீன்ல பாக்காதீங்க. கறுப்பு சார்ட் பேப்பர்ல எல் வடிவத்துல ரெண்டு துண்டு வெட்டி பிரிண்ட் மேல வெச்சு உள்ள வெளிய நகத்திப் பாருங்க, புடிச்ச எடத்துல பென்சில்ல கோடு போட்டு, வெளிய போன இடத்துல என்ன கலர் இருந்துச்சுன்னு பின்னாடி எழுதி வைங்க. ஒரு இருவது பிரிண்டுக்கு இத பண்ணுங்க. பின்பக்கம் முழுக்க சிவப்பு சிவப்புன்னு எழுதியிருந்தா அடுத்த ரோல் போர்ட்ரா வாங்குங்க, வெட்டுனதெல்லாம் வெறும் வானமும் தரையுமா இருந்தா பிலிம மாத்த வேணாம், லென்ஸ 50ல இருந்து, இன்னும் கிட்ட காட்டற 85 எம்எம்முக்கு மாத்துங்க.