முள் இறங்கிய பிறகு

இறம்பொடை ஏற்றத்தில் கொதித்து நின்ற பழைய ஜப்பான் கார் ஒன்றைக் கயிறு கட்டி நுவரெலியாவில் எங்கள் கராஜுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். கார்க்காரர் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஐயா. "முள்ளு மேல போச்சு தம்பி, பொறகு தானா எறங்கிருச்சு. ஆறிருச்சுன்னு நெனச்சு ஓட்டிட்டேன்."

சூடு காட்டும் முள் இறங்கியது என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. சென்சர் தண்ணீரில் நனைந்திருக்கும் வரைதான் சூட்டைச் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றிவிட்டால் முள் இறங்கிவிடும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் பிளந்திருந்தது.

உதவிக்கு நிற்கும் பையன் ஒயில் மூடியைத் திறந்தான். உள்பக்கத்தில் பால் தேத்தண்ணி நிறத்தில் பிசுக்கு. "கெஸ்கட் போயிருச்சு அண்ணே." எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள புளொக்குக்கும் இடையில் இருக்கும் தகடுதான் கெஸ்கட். அது போனால் தண்ணீர் ஒயிலில் கலந்து இப்படிக் குழம்பாகலாம்.

தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு மூடியை நம்பி வேன் ஒன்றின் ஹெட்டைக் கழற்றினேன். கெஸ்கட் நன்றாகவே இருந்தது. சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிட வேண்டிய தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகிப்போனதுதான் சூட்டுக்குக் காரணம். அன்றைக்குக் கூலி கேட்க வாய் வரவில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இந்தக் குளிரில், கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒயில் முழுதாகச் சூடாவதே இல்லை. உள்ளே வியர்க்கும் ஈரம் மூடியில் ஒட்டிக் குழம்பாகிவிடும். விடியலில் சைலன்சர் விடும் வெள்ளைப் புகையும் இங்கே எல்லா வண்டிக்கும் உண்டு. கீழ்நாட்டில் இவற்றைப் பார்த்துச் சொல்வதை இங்கே சொல்ல முடியாது.

டிப்ஸ்டிக்கை இழுத்தேன். ஒயிலில் தண்ணீர் இல்லை, கருகல் வாசம் மட்டும். நன்றாக ஆறவிட்டு, பிளக் நான்கையும் கழற்றி கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தோம். (சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றி ஹெட்டை வெடிக்க வைத்தவர்களும் இருக்கிறார்கள்.) ஒன்றிலும் நான்கிலும் 160 பிஎஸ்ஐ, நடுவிலுள்ள இரண்டிலும் 90. அந்த இரண்டிலும் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தோம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் இடுக்கை அடைத்து அளவு ஏறும். ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால், இடையில் கெஸ்கட் எரிந்து ஒன்றின் காற்று மற்றதுக்குப் போகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அந்த இடத்தில் எரிந்தால் ஒயிலில் தண்ணீர் கலக்காது. ஆக, பையன் சொன்னது சரி, காட்டிய காரணம்தான் பிழை. அவனோ ஜெயித்துவிட்ட சிரிப்போடு நின்றான். நான் விளக்கியது காதில் விழுந்ததோ என்னவோ.

ஹெட்டைக் கழற்றினோம். எரிந்த இடம் கறுத்துத் தெரிந்தது. ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் இடைவெளி அளக்கும் 0.15 மில்லிமீற்றர் பீலர் தகடு தாராளமாக நுழைகிறது. 0.1 வரை பொறுக்கலாம். ஹெட் அலுமினியம், புளொக் இரும்பு. சூட்டில் அலுமினியம் அதிகமாக விரியும், போல்ட் விடாது, வளையாமல் என்ன செய்யும்? வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் வைத்துப் பார்த்து முகத்தைச் சீவ லேத்துக்கு அனுப்பினோம்.

செலவைச் சொன்னதும் ஐயா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "அந்த ஹோஸ் என்ன வெல தம்பி?" என்று கேட்டார். சொன்னேன்.