ஒரே ஆர்டருக்கு ரெண்டு தடவை காசு பிடிக்கறதும் டிஎல்ஏ ப்ளஸ்ஸும்

பேமெண்ட் சைடுல வேலை பாக்குற எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு, ஒரே ஆர்டருக்கு கஸ்டமர்கிட்ட ரெண்டு தடவை காசு பிடிச்சிடக் கூடாது. இதுக்கு எல்லாரும் சொல்ற வழி ஐடெம்பொட்டன்சி கீ. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடயும் ஒரு தனி ஐடி அனுப்பணும், சர்வர் அந்த ஐடியை ஏற்கனவே பாத்திருந்தா பழைய பதிலையே திருப்பிக் குடுத்துடணும், அவ்வளவுதான். கோட் ரிவ்யூல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, யூனிட் டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஆனா இதையே டிஎல்ஏ ப்ளஸ்ல எழுதிப் போட்டா கண்ணிமைக்கறதுக்குள்ள உடையும்.

தெரியாதவங்களுக்கு: டிஎல்ஏ ப்ளஸ் (TLA+) ஒரு சிஸ்டத்தோட டிசைனை கணக்கு மாதிரி துல்லியமா எழுதற மொழி. லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கினது, 2013 டூரிங் அவார்டு வாங்கினவர், டாக்குமென்ட் தயாரிக்கற லாடெக்கும் (LaTeX) அவரோடதுதான். இதுல எழுதறதை டிப்ளாய் எல்லாம் பண்ண முடியாது. சிஸ்டம் எந்தெந்த நிலைல இருக்கலாம், ஒரு நிலைல இருந்து அடுத்ததுக்கு எப்படி எப்படியெல்லாம் போகலாம், எது எப்பவுமே உண்மையா இருக்கணும், இதைத்தான் எழுதுவோம். அப்புறம் டிஎல்சின்னு ஒரு மாடல் செக்கர் இருக்கு, அது நடக்க வாய்ப்பிருக்கற எல்லா வரிசையையும் ஒண்ணு விடாம ஓட்டிப் பாத்து, எங்கயாவது விதி மீறினா அந்த இடத்துக்கு எப்படி வந்தோம்னு ஸ்டெப் ஸ்டெப்பா காட்டிக் குடுக்கும்.

நம்ம கேஸ்ல மாடல் ரொம்பச் சின்னது. ஒரு ஆர்டர், ரெண்டு சர்வர், மெசேஜைத் தொலைக்கவும் செய்யும் டூப்ளிகேட்டும் பண்ணும் ஒரு நெட்வொர்க். விதி ஒரே வரி, ஒரு ஆர்டருக்கு சார்ஜ் ஒண்ணுக்கு மேல போகக் கூடாது. டிஎல்சி குடுக்கற ட்ரேஸ் இப்படி வரும்: ரிக்வெஸ்ட் முதல் சர்வருக்குப் போகுது, கீ இருக்கான்னு பாக்குது, இல்ல. பதில் வர லேட்டாகறதுனால கிளையன்ட் ரீட்ரை பண்ணுது, அது ரெண்டாவது சர்வருக்குப் போகுது, அதுவும் பாக்குது, அங்கயும் இல்ல. ரெண்டு பேரும் காசு பிடிச்சாச்சு. பாக்கறதுக்கும் எழுதறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் பிரச்சனை.

சரி, ஒரே கீ ரெண்டு தடவை உள்ள போகாதபடி டேட்டாபேஸ்ல யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டு, முதல்ல கீயை இன்சர்ட் பண்ணிட்டு அப்புறம் பேங்கைக் கூப்பிடலாம்னு மாத்தினா டிஎல்சி அமைதியாயிடும். பெரும்பாலான டீம் இங்க நிப்பாட்டிடுவாங்க. ஆனா மாடல்ல "சர்வர் எப்ப வேணா சாகலாம்"னு ஒரு ஆக்ஷன் சேத்துப் பாருங்க, கூடவே "ஆர்டர் போட்டா கடைசியில ஏதாவது ஒரு பதில் வந்தே ஆகணும்"னு இன்னொரு விதியும். இன்சர்ட் முடிஞ்சதும் சர்வர் செத்துடும், ரீட்ரை வர்றவன் கீ இருக்கறதைப் பாத்துட்டு "ப்ராசஸ் ஆகிட்டிருக்கு"ன்னு காலத்துக்கும் சொல்லிட்டே இருப்பான். கீ பழசாயிட்டா திரும்ப சார்ஜ் பண்ணிடலாம்னு டைம்அவுட் வச்சா, பேங்க்ல காசு பிடிச்சிட்டு அதை எழுதறதுக்கு முன்னாடி சாகற கேஸ்ல மறுபடியும் டபுள் சார்ஜ், ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தாச்சு! நம்ம பக்கம் எவ்வளவு கோட் எழுதினாலும் இது தீராது, பேங்குக்கும் அதே கீயை அனுப்பி அவங்க டூப்ளிகேட்டைத் தடுக்கணும், இல்லன்னா திரும்ப சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி பழசு என்ன ஆச்சுன்னு அவங்ககிட்ட உறுதியா கேட்டுத் தெரிஞ்சுக்க முடியணும். எனக்கு மாடலிங்கோட பெரிய லாபமே இதுதான், "பேங்க் பாத்துக்கும்"னு மனசுக்குள்ள வச்சிருந்த நம்பிக்கையை ஒரு வரியா எழுத வச்சிடுது, எழுதினப்புறம் அது உண்மையான்னு யாராவது போய் விசாரிச்சே ஆகணும்.

இது ஆராய்ச்சிக்காரங்க விளையாட்டுன்னு நினைக்கறவங்க அமேசான் வெப் சர்வீசஸ் கதையைத் தேடிப் படிங்க. 2011ல இருந்து எஸ்3, டைனமோடிபி மாதிரி சர்வீஸ்களுக்கு டிஎல்ஏ ப்ளஸ் யூஸ் பண்ணிருக்காங்க, கிறிஸ் நியூகோம்பும் கூட வேலை பாத்தவங்களும் 2015ல அதைப் பத்தி எழுதினாங்க. டைனமோடிபில டேட்டா தொலையக்கூடிய ஒரு பக் கிடைச்சுது, அதுக்கான மிகக் குறுகிய ட்ரேஸே 35 ஸ்டெப். டிசைன் ரிவ்யூ, கோட் ரிவ்யூ, டெஸ்டிங் எல்லாத்தையும் தாண்டி வந்த பக் அது. 35 ஸ்டெப்பை எந்த மனுஷன் ஒயிட்போர்டுல யோசிப்பான்? புதுசா கத்துக்கற எஞ்சினியர் ரெண்டு மூணு வாரத்துல உருப்படியா ஏதாவது கண்டுபிடிக்கற அளவுக்கு வந்துடுறாங்கன்னும் அதுல சொல்லிருக்காங்க.

சின்னதா இருந்தா மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சிடுமா, அதுவும் இல்ல. நெட்வொர்க்ல பேசற ரெண்டு பேர், எதிர்ல இருக்கறது யாருன்னு உறுதிப்படுத்திக்கறதுக்கான நீதம்-ஷ்ரோடர் பப்ளிக் கீ ப்ரோட்டோகால் 1978ல வந்தது, அதோட முக்கியமான பகுதி வெறும் மூணு மெசேஜ். 1995ல கேவின் லோ அதுல ஓட்டை இருக்குன்னு காட்டினார், அடுத்த வருஷம் எஃப்டிஆர்ங்கற மாடல் செக்கர் வச்சு அலசினதையும் வெளியிட்டார். "ஏ", "பி"ன்னு ரெண்டு பேர்னு வச்சுக்குங்க. "ஏ" ஒரு திருட்டு ஆளோட பேச ஆரம்பிக்கறார், அவன் அதை "பி"கிட்ட தள்ளிவிட்டு, தான்தான் "ஏ" அப்படின்னு நம்ப வச்சிடறான். ரெண்டாவது மெசேஜ்ல "பி"யோட பேரைச் சேத்ததும் சரியாப் போச்சு. ஒரு பேர், 17 வருஷம்.

குறையும் இருக்கு. சர்வர் எண்ணிக்கையை ரெண்டுல இருந்து நாலாக்கினா நிலைகள் தாறுமாறா பெருகி லேப்டாப் அழும், அதனால சின்ன சைஸ்லயே ஓட்டுவோம், பெரும்பாலான தப்பு சின்ன உதாரணத்துலயே வெளிய வந்துடும்னு அலாய்ங்கற இன்னொரு மாடலிங் மொழியை உருவாக்கின டேனியல் ஜாக்சன் சொல்றதை நம்பி. அதைவிடப் பெரிய சிக்கல், மாடல்ல இல்லாததை மாடல் பிடிக்காது. வரிசைப்படுத்தின லிஸ்ட்டைப் பாதி பாதியா குறைச்சுத் தேடற பைனரி சர்ச் சரின்னு நிரூபிச்சு எவ்வளவோ காலமாச்சு, ஆனா ஜாவா லைப்ரரில ரெண்டு இன்டெக்ஸைக் கூட்டறப்ப இன்டிஜர் நிரம்பி நெகட்டிவா மாறிடும்னு 2006ல ஜோஷுவா பிளாக் எழுதினார், காகிதத்துல இருக்கற இன்டிஜருக்கு எல்லையே கிடையாதே. அதனால டெஸ்ட் எழுதறதை நிறுத்திடாதீங்க சாமி.

எங்க மாடல்ல அடுத்து ரீஃபண்டைச் சேக்கணும். சார்ஜ் உறுதியாகறதுக்கு முன்னாடியே ரீஃபண்ட் ரிக்வெஸ்ட் வந்தா என்ன ஆகணும்னு ஸ்பெக்ல எங்கயுமே இல்ல, ப்ராடக்ட் டீம்கிட்ட கேட்டிருக்கேன், "அப்படியெல்லாம் வராதுங்க"ன்னு பதில் வந்திருக்கு.