36 விதைப் பொட்டலம்: மீ.பொ.வ. போட்டுப் பார்த்த அனுபவம்

ஆடிப்பட்டத்துக்கு முன்னால், மாடித்தோட்டம் போடும் அக்கம்பக்கத்தாருக்கு விதை கொடுப்பேன். போன வருஷம் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டதில் ஒருவருக்குப் பத்து அவரை, இன்னொருவருக்கு இரண்டே இரண்டு. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. இந்தத் தடவை எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு விதையும் மிஞ்சக் கூடாது.

சனிக்கிழமை, அம்மாப்பேட்டை வீட்டுத் திண்ணையில் முறத்தை வைத்து எண்ணினேன். அவரை 257, வெண்டை 181, பாகல் 110. பாகல் ஏற்காட்டில் சித்தப்பா தோட்டத்தில் காய்த்தது. மலைப்பனியில் ஈரம் ஏறி வந்ததை நான்கு நாள் நிழலில் உலர்த்தியிருந்தேன். ஓரமெல்லாம் பல் பல்லாக, மேலே செதுக்கி வைத்த மாதிரி கோடுகள். அதை எண்ணுவதே ஒரு சந்தோஷம்.

அதிகபட்சம் எத்தனை பொட்டலம் போடலாம் என்பதற்கு மூன்று எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.), அதாவது மூன்றையும் மிச்சமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், கண்டுபிடித்தால் போதும். பார்த்தால் 1! 257, 181 இரண்டுமே பகா எண்கள். அத்தனையும் ஒரே பொட்டலத்தில்தான் போட முடியும்.

சரி, முதலில் பொறுக்குவோம் என்று வண்டு துளைத்த அவரை 5-ஐ எடுத்தேன். 252. அப்போதும் 1 தான். வெண்டையில் ஒன்றை ஒதுக்கி 180 ஆக்கியதும் 2 வந்தது. பாகல் 110 தான் தடுக்கிறது என்று புரிந்தது.

அவரையையும் வெண்டையையும் மட்டும் யூக்ளிட் வழியில், அதாவது பெரியதிலிருந்து சிறியதை மிச்சம் இல்லாமல் போகும் வரை, கழித்துப் பார்த்தேன். 252-இல் 180 போனால் 72. 180-இல் இரண்டு 72 போனால் 36. 72-இல் இரண்டு 36 மிச்சமில்லாமல் போய்விடுகிறது. ஆக 36. பாகலும் 36-ஆல் வகுபட வேண்டும், 108 வகுபடும். இரண்டு விதையை எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். இரண்டு பொட்டலம் 36 பொட்டலம் ஆகிவிட்டது! காரணிப்படுத்தி எழுதுவதைவிட இந்தக் கழித்தல் வழிதான் எனக்குப் பிடிக்கிறது. விதை எண்ணும் கையோடு மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

பொட்டலத்துக்கு அவரை 7, வெண்டை 5, பாகல் 3. பாகலை ஒரே குழியில் மூன்றாக ஊன்றலாம் என்பதால் அது இன்னும் பொருத்தம். அம்மா பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கொடுக்க, நான் மடித்தேன். “எண்ணிப் பாத்துக்கோ கண்ணு” என்றார். கடைசிப் பொட்டலம் மடித்தபோது முறம் காலி.

ஒதுக்கிய வெண்டை ஒன்றையும் பாகல் இரண்டையும் எங்கள் மாடிப் பையிலேயே ஊன்றினேன். ஐந்தாம் நாள் வெண்டை முளைத்துவிட்டது. பாகல் இன்னும் தலை காட்டவில்லை.