பழைய ஐஎஸ்ஏ கார்டு கிடைச்சா முதல்ல ஸ்கேன்

பர்மா பஜார்லயோ வண்ணாரப்பேட்டை காயலான் கடையிலயோ பழைய ஐஎஸ்ஏ கார்டு (பழைய பிசி உள்ளே செருகுற விரிவாக்கப் பலகை) கிடைச்சா, ஜம்பர்ல (அமைப்பை மாத்துற குட்டிச் செருகி) கை வைக்காம ரெண்டு பக்கமும் 600 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க. சிப் எண்கள், கிரிஸ்டல் மேல உள்ள அதிர்வெண் தெளிவா தெரியணும். எமுலேட்டர்ல (பழைய கம்ப்யூட்டர் மாதிரியே இயங்குற மென்பொருள்) டைமிங் சரியா வர அதுதான் ஆதாரம்.

அடுத்து ஈப்ராம், அதாவது கார்டோட புரோகிராம் பதிஞ்சிருக்கிற மெமரி சிப். இதுதான் உயிர். சிப்போட கண்ணாடி ஜன்னல் மேல உள்ள ஸ்டிக்கரைப் பிய்க்காதீங்க, வெயில் பட்டா நாளடைவில டேட்டா அழியும். ராயபுரம் பக்கத்து உப்புக் காத்துல சிப்போட கால்கள் கறுத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, புரோகிராமர்ல (சிப்பைப் படிக்கிற கருவி) மூணு தடவை படிச்சு ஒப்பிடுங்க. ஒரு பைட் மாறினாலும் பெரும்பாலும் கால் சரியா தொடலை.

சிப் மேல 27சி256ன்னு இருந்தா, படிச்செடுத்த ஃபைல் சரியா 32,768 பைட். கார்டோட பயாஸ் ரோம்னா (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடுற புரோகிராம்), ஹெக்ஸ்ல (16 அடிமான எண்கள்ல) 55 ஏஏன்னு தொடங்கும். மூணாவது பைட், 512 பைட் பிளாக் எத்தனைன்னு சொல்லும். அந்த நீளத்துக்கு எல்லாத்தையும் கூட்டினா கடைசி 8 பிட் பூஜ்யம் வரணும். ஒற்றை, இரட்டை பைட்டுகள்னு ரெண்டு சிப்பா பிரிஞ்சிருந்தா, ரெண்டோட பைட்டுகளையும் மாத்தி மாத்திக் கோர்த்த பிறகுதான் இந்தக் கணக்கு பொருந்தும். கோர்க்காமலே பார்த்துட்டு ரோம் கெட்டுப்போச்சுன்னு தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க!